பிஎச்பி ட்ரெய்ட்டுகளில் மெத்தட் பெயர்கள் மோதினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டுதான். ‘மின்னஞ்சல்’, ‘குறுஞ்செய்தி’ என்று இரண்டு ட்ரெய்ட்டுகள், அதாவது பல கிளாஸ்களில் சேர்த்துக்கொள்ளக்கூடிய மெத்தட் தொகுப்புகள். இரண்டிலும் ‘அனுப்பு’ என்ற மெத்தட் இருக்கிறது. இரண்டையும் ‘ரசீது’ என்ற கிளாஸில் சேர்க்க வேண்டும். பிஎச்பி கிளாஸ், மெத்தட், மாறி ஆகியவற்றின் பெயர்களில் யூனிகோட் எழுத்துகளை ஏற்றுக்கொள்ளும் என்பதால் இந்தப் பெயர்களை இப்படியே எடிட்டரில் எழுதலாம். யூஸ், ஆஸ், இன்ஸ்டெட்ஆஃப் போன்ற சாவிச்சொற்களை மட்டும் இங்கே ஒலிப்பில் தந்திருக்கிறோம். கோடில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

மோதல் எங்கிருந்து வருகிறது?

பிஎச்பியில் ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு தாய் கிளாஸ்தான் இருக்க முடியும். ஒரே செயல்பாட்டைத் தொடர்பில்லாத பல கிளாஸ்களில் வைக்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் காப்பி, பேஸ்ட்தான் வழி. 2012 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பு அதற்கு மாற்றாக ட்ரெய்ட்டைக் கொண்டுவந்தது.

ட்ரெய்ட் என்பது கிளாஸ் அல்ல. அதன் மெத்தட்கள் அதை யூஸ் செய்யும் (யூஸ் வரியில் சேர்த்துக்கொள்ளும்) கிளாஸுக்குள்ளேயே, அங்கே கையால் எழுதியதுபோல, வந்து அமர்ந்துவிடும். ஒரு கிளாஸில் ஒரு பெயருக்கு ஒரு மெத்தட்தான் இருக்க முடியும். ஆகவே இரண்டு ட்ரெய்ட்டுகள் ஒரே பெயரில் மெத்தட் கொண்டுவந்தால் எதை வைத்துக்கொள்வது என்று பிஎச்பிக்குத் தெரியாது. அது ஊகிக்கவும் செய்யாது, ஃபேட்டல் எரர் கொடுத்து நின்றுவிடும்.

பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, மெத்தட்டை பிரைவேட் (வெளியிலிருந்து கூப்பிட முடியாதது) ஆக்கினால் மோதல் தீராது, ஏனென்றால் அதுவும் அதே கிளாஸுக்குள்தான் வந்து சேர்கிறது. இரண்டாவது, ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் மெத்தட் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. கண்ணுக்கு வேறாகத் தெரியும் இரண்டு பெயர்கள் பிஎச்பிக்கு ஒன்றாக இருக்கலாம்.

எப்போது எரர் வரும், எப்போது வராது?

பெயர் மோதலுக்கான எரர் இரண்டு ட்ரெய்ட்டுகள் தங்களுக்குள் மோதினால் மட்டுமே வரும். கிளாஸில் நேரடியாக எழுதிய மெத்தட்டுக்கு முதலிடம், ட்ரெய்ட்டிலிருந்து வந்ததற்கு இரண்டாமிடம், தாய் கிளாஸிலிருந்து வந்ததற்குக் கடைசி இடம். இந்த மூன்று படிகளுக்கு இடையில் பெயர் ஒத்துப்போனால் மேலே இருப்பது கீழே இருப்பதைச் சத்தமில்லாமல் மறைத்துவிடும். தாய் கிளாஸின் மெத்தட்டோடு ஆர்கியுமென்ட்கள் பொருந்தினால் எச்சரிக்கைகூட வராது.

எரர் வந்தால் ஐந்து நிமிட வேலை. எரர் வராமல் தவறான மெத்தட் ஓடும்போதுதான் ஒரு நாள் முழுக்கப் போகும். இந்தப் பக்கத்தில் நாங்கள் அதிக இடம் ஒதுக்கியிருப்பதும் அந்த மௌனமான மோதல்களுக்குத்தான்.

சரி, எரரை எப்படித் தீர்ப்பது?

யூஸ் வரியை அரைப்புள்ளியில் முடிக்காமல் ஓர் அடைப்பைத் திறந்து, எது வேண்டும் என்று எழுத வேண்டும்:

கிளாஸ் ரசீது {
  யூஸ் மின்னஞ்சல், குறுஞ்செய்தி {
    மின்னஞ்சல்::அனுப்பு இன்ஸ்டெட்ஆஃப் குறுஞ்செய்தி;
    குறுஞ்செய்தி::அனுப்பு ஆஸ் எஸ்எம்எஸ்_அனுப்பு;
  }
}

முதல் வரி, ‘அனுப்பு’ என்றால் மின்னஞ்சலில் இருப்பதை எடு, குறுஞ்செய்தியில் இருப்பதை விடு என்கிறது. இன்ஸ்டெட்ஆஃபுக்கு வலப்புறம் வருவது மெத்தட் பெயர் அல்ல, ட்ரெய்ட்டின் பெயர். அங்கேயும் ‘::அனுப்பு’ என்று சேர்த்து எழுதினால் சின்டாக்ஸ் எரர் வரும். இரண்டாம் வரி, விடப்பட்ட மெத்தட்டுக்கு இன்னொரு பெயர் கொடுத்து அதையும் கிளாஸில் வைத்துக்கொள்கிறது. அது தேவையில்லை என்றால் அந்த வரியை எழுதவே வேண்டாம்.

ஆஸ் போட்டுப் பெயரை மாற்றிவிட்டேன். இன்னும் அதே எரர் வருகிறதே?

ஆஸ் பெயரை மாற்றுவதில்லை, கூடுதலாக ஒரு பெயர் தருகிறது. பழைய பெயர் அப்படியே இருக்கும், அதனால் மோதலும் அப்படியே இருக்கும். மோதலைத் தீர்ப்பது இன்ஸ்டெட்ஆஃப் மட்டுமே. இல்லையென்றால், கீழே சொல்வதுபோல, கிளாஸிலேயே அந்தப் பெயரில் மெத்தட் எழுத வேண்டும்.

ஆஸ் எழுதும்போது எந்த ட்ரெய்ட்டின் மெத்தட் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். வெறுமனே ‘அனுப்பு ஆஸ் எஸ்எம்எஸ்_அனுப்பு’ என்றால், அந்தப் பெயர் இரண்டு ட்ரெய்ட்டுகளிலும் இருப்பதால் எதைச் சொல்கிறீர்கள் என்று பிஎச்பி கேட்டு நின்றுவிடும்.

மூன்று ட்ரெய்ட்டுகள் மோதினால்?

வேண்டாதவை எல்லாவற்றையும் காற்புள்ளி இட்டு அடுக்குங்கள்: மின்னஞ்சல்::அனுப்பு இன்ஸ்டெட்ஆஃப் குறுஞ்செய்தி, வாட்ஸ்ஆப். ஒன்றை மட்டும் விலக்கினால் மீதமுள்ள இரண்டும் மோதிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டு மெத்தட்களும் ஓட வேண்டும். எது வெல்வது என்ற கேள்வியே இல்லை. என்ன செய்வது?

அப்படியானால் இன்ஸ்டெட்ஆஃபே வேண்டாம். கிளாஸுக்குள் நீங்களே ‘அனுப்பு’ என்று ஒரு மெத்தட் எழுதுங்கள். கிளாஸின் சொந்த மெத்தட்டுக்கு முதலிடம் என்பதால் இரண்டு ட்ரெய்ட்டுகளின் ‘அனுப்பு’வும் ஒதுங்கிவிடும், மோதலும் மறைந்துவிடும். ஒதுங்கியவற்றைக் கூப்பிட ஆளுக்கொரு மாற்றுப்பெயர் மட்டும் போதும்:

யூஸ் மின்னஞ்சல், குறுஞ்செய்தி {
  மின்னஞ்சல்::அனுப்பு ஆஸ் பிரைவேட் மெயில்_அனுப்பு;
  குறுஞ்செய்தி::அனுப்பு ஆஸ் பிரைவேட் எஸ்எம்எஸ்_அனுப்பு;
}

பிறகு உங்கள் ‘அனுப்பு’வுக்குள் ($திஸ் என்பது இப்போது ஓடும் ஆப்ஜெக்ட்) $திஸ்->மெயில்_அனுப்பு, அடுத்து $திஸ்->எஸ்எம்எஸ்_அனுப்பு என்று நீங்கள் விரும்பும் வரிசையில் கூப்பிடலாம். எது முதலில், ஒன்று தோற்றால் மற்றது ஓட வேண்டுமா என்பதெல்லாம் கோடிலேயே வெளிப்படையாக இருக்கும். ‘ஒன்றே வெல்ல வேண்டும்’ என்பது உறுதியாகத் தெரியாத எல்லா இடங்களிலும் நாங்கள் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

எரர் போய்விட்டது. ஆனால் குறுஞ்செய்தியின் வேறொரு மெத்தட் தப்பாக ஓடுகிறது. ஏன்?

இதுதான் இந்த விஷயத்திலேயே ஆழமான குழி.

குறுஞ்செய்தி ட்ரெய்ட்டில் ‘ஓடிபி’ என்று இன்னொரு மெத்தட் இருப்பதாக வையுங்கள். அது உள்ளே $திஸ்->அனுப்பு($எண், $உரை) என்று கூப்பிடுகிறது. அதை எழுதியவர் தன் ட்ரெய்ட்டின் ‘அனுப்பு’வைத்தான் நினைத்திருப்பார். ஆனால் $திஸ் என்பது ட்ரெய்ட் அல்ல, ரசீது. ரசீதில் ‘அனுப்பு’ என்றால் இப்போது மின்னஞ்சல். நீங்கள் ஆஸ் போட்டு வைத்த எஸ்எம்எஸ்_அனுப்பு பற்றி ‘ஓடிபி’க்கு எதுவும் தெரியாது. மாற்றுப்பெயர் ட்ரெய்ட்டின் உள்ளே எழுதப்பட்ட அழைப்புகளைத் திருத்துவதே இல்லை.

விளைவைப் பாருங்கள். மின்னஞ்சலின் ‘அனுப்பு’ இரண்டு ஸ்ட்ரிங் வாங்குகிறது: முகவரி, உரை. குறுஞ்செய்தியுடையதும் இரண்டு ஸ்ட்ரிங்: எண், உரை. டைப் எழுதியிருந்தாலும் பிஎச்பி எதையும் கண்டுபிடிக்காது. பத்து இலக்க மொபைல் எண் மின்னஞ்சல் முகவரியாக மெயில் சர்வருக்குப் போகும், அங்கே நிராகரிக்கப்படும். பயனர் ஓடிபி வரவில்லை என்பார். நீங்கள் எஸ்எம்எஸ் சேவையின் லாகைத் தோண்டுவீர்கள், அங்கே அப்படி ஒரு கோரிக்கையே பதிவாகியிருக்காது. ஆர்கியுமென்ட் குறைவாக இருந்தாலாவது எரர் வரும். கூடுதலாக இருந்தால் நாம் எழுதிய மெத்தட்களில் பிஎச்பி அதைக் கண்டுகொள்வதில்லை.

கிளாஸில் சொந்தமாக ‘அனுப்பு’ எழுதியிருந்தால் இதே குழி வேறு உருவில் வரும். மின்னஞ்சலின் ‘அனுப்பு’ தோற்றதும் $திஸ்->அனுப்பு என்று தன்னையே மீண்டும் கூப்பிடும்படி எழுதப்பட்டிருக்கிறது என்போம். இப்போது அந்த மறுமுயற்சி உங்கள் கிளாஸின் ‘அனுப்பு’வுக்கு வரும். மெயில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வென்றால், உள்ளே இருந்து வெளியே வரும் ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வாடிக்கையாளருக்கு ஒரே ரசீதுக்கு மூன்று குறுஞ்செய்திகள் போகும்.

ஆகவே இன்ஸ்டெட்ஆஃப் எழுதும் முன், தோற்கப்போகும் ட்ரெய்ட்டின் கோப்பைத் திறந்து அந்தப் பெயரைத் தேடுங்கள். $திஸ்-> மட்டுமல்ல, செல்ஃப்::, ஸ்டாடிக்:: என்று எழுதியிருந்தாலும் அது கிளாஸையே குறிக்கும். ஒரு அழைப்பாவது இருந்தால் மாற்றுப்பெயர் போதாது. ட்ரெய்ட் உங்களுடையது என்றால் மெத்தட்டின் பெயரை அங்கேயே மாற்றுங்கள். பிறருடையது என்றால் அதை ஒரு தனி கிளாஸில் யூஸ் செய்து, அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட்டை ரசீதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸில் மெத்தட்டை மேலெழுதி, உள்ளே பேரன்ட்:: என்று கூப்பிட்டால் ட்ரெய்ட்டின் மெத்தட் ஓடுமா?

ஓடாது. பேரன்ட்:: தாய் கிளாஸுக்குப் போகும், ட்ரெய்ட்டைத் தாண்டிப் போய்விடும். தாய் கிளாஸிலும் அதே பெயரில் மெத்தட் இருந்தால் அது அமைதியாக ஓடும், ட்ரெய்ட்டின் வேலை நடக்கவில்லை என்பதே தெரியாது. ட்ரெய்ட்டின் மெத்தட் வேண்டுமென்றால் ஆஸ் மூலம் மாற்றுப்பெயர் வைத்து அதைக் கூப்பிடுங்கள். இன்னொரு வழி, ட்ரெய்ட்டை ஓர் இடைநிலைக் கிளாஸில் யூஸ் செய்து, உங்கள் கிளாஸை அதிலிருந்து எக்ஸ்டெண்ட் செய்வது. அப்போது பேரன்ட்:: சரியாக அங்கே போகும்.

ட்ரெய்ட்டுக்குள்ளேயே பேரன்ட்:: எழுதியிருந்தால் அது யூஸ் செய்யும் கிளாஸின் தாயைக் குறிக்கும்.

ப்ராப்பர்ட்டிகள் மோதினாலும் இன்ஸ்டெட்ஆஃப் உதவுமா?

உதவாது. ப்ராப்பர்ட்டிக்கு (கிளாஸுக்குள் இருக்கும் மாறிக்கு) அந்த வசதியும் இல்லை, ஆஸும் இல்லை. அணுகல் அளவு, டைப், ரீட்ஒன்லியா இல்லையா, தொடக்க மதிப்பு எல்லாம் இரண்டு ட்ரெய்ட்டுகளிலும் அச்சாக ஒன்றாக இருந்தால் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும். ஏதாவது ஒன்று மாறினாலும் ஃபேட்டல் எரர். ஒன்றில் தொடக்க மதிப்பு வெற்று ஸ்ட்ரிங், இன்னொன்றில் நல் என்றால்கூடப் போதும்.

அச்சாக ஒன்றாக இருப்பதுதான் உண்மையில் ஆபத்து. இரண்டு ட்ரெய்ட்டுகளிலும் ‘பிரைவேட் இன்ட் $முயற்சி = 0’ என்று மறுமுயற்சிக் கணக்கு இருக்கிறது. ரசீதில் சேர்ந்ததும் அது ஒரே $முயற்சி. மெயில் மூன்று முறை தோற்றுக் கணக்கை 3 ஆக்கியதும், மூன்று முறைக்கு மேல் முயலக் கூடாது என்று எழுதப்பட்ட எஸ்எம்எஸ் ஒரு முறைகூட முயலாமல் கைவிட்டுவிடும். தனித்தனியாக டெஸ்ட் செய்தால் இரண்டு ட்ரெய்ட்டுகளும் பாஸ் ஆகும். எனவே ட்ரெய்ட்டின் ப்ராப்பர்ட்டிக்குப் பொதுப்பெயர் வைக்காதீர்கள். $மெயில்_முயற்சி, $எஸ்எம்எஸ்_முயற்சி என்று ட்ரெய்ட்டின் பெயரை முன்னால் சேருங்கள்.

8.2 பதிப்பிலிருந்து ட்ரெய்ட்டில் கான்ஸ்டன்ட்டும் எழுதலாம். அதற்கும் இதே விதிதான்: ஒத்திருந்தால் சரி, வேறுபட்டால் எரர்.

இரண்டு ட்ரெய்ட்டுகளிலும் கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறதே?

ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் கன்ஸ்ட்ரக்டரும் ஒரு மெத்தட்தான், அதே மோதல்தான். கிளாஸில் சொந்தக் கன்ஸ்ட்ரக்டர் எழுதி, ட்ரெய்ட்டுகளுடையவற்றுக்கு மாற்றுப்பெயர் வைத்து உள்ளிருந்து கூப்பிடுங்கள். ட்ரெய்ட்டை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் அதில் கன்ஸ்ட்ரக்டரே வைக்காதீர்கள்.

லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கின் டேட்டாபேஸ் பகுதியான எலோக்வென்ட் இதைப் பெயரிடும் முறையிலேயே தீர்க்கிறது. மாடலில் யூஸ் செய்த ஒவ்வொரு ட்ரெய்ட்டுக்கும் ‘பூட்’ என்ற சொல்லோடு ட்ரெய்ட்டின் பெயர் சேர்ந்த ஸ்டாடிக் மெத்தட் இருக்கிறதா என்று பார்த்து அதைக் கூப்பிடும். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ‘இனிஷியலைஸ்’ என்ற சொல்லோடு அதே பெயர் சேர்ந்த மெத்தட்டையும் தேடும். பெயரிலேயே ட்ரெய்ட் இருப்பதால் இரண்டு மோத வாய்ப்பில்லை. லாராவெல் பயன்படுத்தாதவர்களும் பின்பற்றத் தகுந்த பழக்கம்.

ஆஸ் மூலம் பப்ளிக் மெத்தட்டை பிரைவேட் ஆக்கலாமா?

ஆக்கலாம். ‘அனுப்பு ஆஸ் பிரைவேட்’ என்றால் அந்தப் பெயரே பிரைவேட் ஆகும். ‘அனுப்பு ஆஸ் பிரைவேட் மெயில்_அனுப்பு’ என்றால் மாற்றுப்பெயர் மட்டும் பிரைவேட், பழைய பெயர் பப்ளிக் ஆகவே இருக்கும். தாய் கிளாஸிலோ இன்டர்ஃபேஸிலோ (கிளாஸில் இருக்க வேண்டிய மெத்தட்களின் பட்டியல்) அது பப்ளிக் என்று இருந்தால் குறைக்க விடாது. 8.3 பதிப்பிலிருந்து ‘ஆஸ் ஃபைனல்’ என்றும் எழுதலாம்.

மெத்தட்டை முற்றாக நீக்க மட்டும் பிஎச்பியில் தனி வசதி இல்லை. பிரைவேட் ஆக்கி ஒளித்து வைக்கலாம், பெயரின் இடம் நிரம்பியே இருக்கும்.

அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்களும் மோதுமா?

ஒன்று அப்ஸ்ட்ராக்ட் (பெயர் மட்டும், உள்ளே கோட் இல்லை), மற்றது உடலுள்ள மெத்தட் என்றால் மோதாது. பின்னது முன்னதன் தேவையை நிறைவேற்றியதாகக் கொள்ளப்படும். ஆனால் 8.0 முதல் ஆர்கியுமென்ட்களும் ரிட்டர்ன் டைப்பும் ஒத்துப்போகிறதா என்று கண்டிப்பாகச் சரிபார்க்கும். பழைய கோடை 7லிருந்து 8க்கு நகர்த்தும்போது இங்கே எரர் கிளம்புவதுண்டு.

காம்போஸர் (பிஎச்பி பேக்கேஜ்களை நிர்வகிக்கும் கருவி) மூலம் அப்டேட் செய்த பிறகு திடீரென்று மோதல். நான் எதையும் மாற்றவில்லையே?

பேக்கேஜை எழுதியவர் தன் ட்ரெய்ட்டில் புதிதாக ஒரு மெத்தட் சேர்த்திருப்பார். அவர் பார்வையில் அது எதையும் உடைக்காத சிறிய சேர்ப்பு. உங்கள் பக்கம் மூன்றில் ஒன்று நடக்கும். அந்தப் பெயர் உங்களின் இன்னொரு ட்ரெய்ட்டில் இருந்தால் ஃபேட்டல் எரர். உங்கள் தாய் கிளாஸில் இருந்தால் பேக்கேஜின் மெத்தட் அதைச் சத்தமில்லாமல் மறைக்கும். உங்கள் கிளாஸிலேயே இருந்தால் பேக்கேஜின் புதிய மெத்தட் மறைந்துபோகும், அதை நம்பியிருக்கும் பேக்கேஜின் மற்ற மெத்தட்கள் உங்களுடையதைக் கூப்பிடும். மூன்றாவதுதான் மிகவும் தாமதமாகத் தெரியவரும். அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ட்ரெய்ட் கோப்புகளின் வித்தியாசத்தை மட்டுமாவது பாருங்கள்.

புரொடக்‌ஷனுக்குப் போகும் முன் பிடிக்க முடியுமா?

‘பிஎச்பி -எல்’ என்ற சின்டாக்ஸ் சோதனையை நம்ப வேண்டாம். அது ஒரு கோப்பை மட்டும் படிக்கும், வேறு கோப்பில் இருக்கும் ட்ரெய்ட்டை இணைத்துப் பார்க்காது. கிளாஸ் முதன்முறை லோட் ஆகும்போதுதான் மோதல் தெரியும். அரிதாக ஓடும் கிளாஸ் என்றால் அந்த நாள் வரை தெரியாது. வந்தபின் ட்ரை, கேட்ச் வைத்தும் பிடிக்க முடியாது.

எளிய வழி: திட்டத்தின் எல்லா கிளாஸ் பெயர்களையும் எடுத்து, ஒவ்வொன்றையும் ‘கிளாஸ்_எக்ஸிஸ்ட்ஸ்’ பங்ஷனுக்குக் கொடுக்கும் சிறு ஸ்கிரிப்ட் எழுதி, அதை சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனை அமைப்பில்) ஓட்டுங்கள். கிளாஸ் லோட் ஆக வேண்டும், அவ்வளவுதான். மோதல் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மௌனமான மறைப்புகளைத் தேட ‘கிளாஸ்_யூஸஸ்’ பங்ஷன் உதவும். ஆனால் அது அந்தக் கிளாஸில் நேரடியாக யூஸ் செய்தவற்றை மட்டுமே தரும். தாய் கிளாஸ்களின் ட்ரெய்ட்டுகளையும், ட்ரெய்ட்டுக்குள் இருக்கும் ட்ரெய்ட்டுகளையும் நீங்கள்தான் ஏறி இறங்கித் திரட்ட வேண்டும்.

லாகில் வேறு மெத்தட் பெயர் வருகிறது. எந்த மெத்தட் ஓடியது?

மாற்றுப்பெயரில் கூப்பிட்டாலும் மெத்தட்டுக்குள் இருக்கும் __ஃபங்ஷன்__, __மெத்தட்__ மாறிலிகள் ட்ரெய்ட்டில் எழுதிய பழைய பெயரையே தரும். __கிளாஸ்__ மட்டும் யூஸ் செய்யும் கிளாஸைத் தரும். எனவே எஸ்எம்எஸ்_அனுப்பு ஓடினால் லாகில் ‘குறுஞ்செய்தி::அனுப்பு’ என்று வருவது சரிதான்.

மற்ற மொழிகளில் இது எப்படி?

நிறுத்திக் கேட்கும் மொழிகள் ஒரு பக்கம். ஜாவா 8ல் இரண்டு இன்டர்ஃபேஸ்களின் டிஃபால்ட் மெத்தட்கள் மோதினால் கம்பைல் ஆகாது. நீங்களே மெத்தட்டை எழுதி, உள்ளே ‘மின்னஞ்சல்.சூப்பர்.அனுப்பு()’ என்று எதை வேண்டுமோ அதைக் கூப்பிட வேண்டும். ரஸ்ட்டில் இரண்டு ட்ரெய்ட்டுகளும் சேர்ந்தே இருக்கலாம், கூப்பிடும் இடத்தில் எந்த ட்ரெய்ட் என்று குறிப்பிட வேண்டும்.

வரிசையை வைத்துத் தானே முடிவு செய்யும் மொழிகள் இன்னொரு பக்கம். ரூபியில் இரண்டு மாட்யூல்களை இன்க்ளூட் செய்தால் கடைசியாகச் செய்தது வெல்லும். பைத்தானில் கிளாஸ் வரியில் இடப்பக்கம் எழுதியது பொதுவாக முதலில் வரும். வரிசை முறையை வகுப்பது 2.3 பதிப்பிலிருந்து சி3 என்ற கணக்கு. இவ்விரண்டிலும் எரர் வராது. அங்கிருந்து பிஎச்பிக்கு வருபவர்கள் யூஸ் வரியில் ட்ரெய்ட்டுகளின் இடத்தை மாற்றிப் பார்ப்பதுண்டு. பிஎச்பியில் அந்த வரிசை மோதலைத் தீர்க்காது. இணைப்பதில் வரிசைக்கு இடமில்லை, மோதலை எழுதுபவரே தீர்க்க வேண்டும் என்பது ஸ்குவீக் ஸ்மால்டாக் என்ற மொழியில் செய்து பார்த்து 2003ல் வெளியான ட்ரெய்ட் ஆய்விலிருந்தே வரும் கொள்கை.

எப்போது ட்ரெய்ட்டையே விட்டுவிட வேண்டும்?

ஒரு கிளாஸின் யூஸ் அடைப்புக்குள் இன்ஸ்டெட்ஆஃப் வரிகள் மூன்றைத் தாண்டினால், அல்லது மோதும் ட்ரெய்ட்டுகள் இரண்டும் தங்களுக்கென ப்ராப்பர்ட்டி வைத்திருந்தால். ‘அனுப்பு’ போன்ற மெத்தட்கள் தனித்தனி கிளாஸ்களில் இருக்கட்டும், இரண்டும் ஒரே இன்டர்ஃபேஸை நிறைவேற்றட்டும், ரசீது அவற்றின் ஆப்ஜெக்ட்களைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொள்ளட்டும். $திஸ்->மெயில்->அனுப்பு, $திஸ்->எஸ்எம்எஸ்->அனுப்பு என்று எழுதும்போது பெயர் ஒன்றாக இருந்தாலும் மோத இடமில்லை. ‘ஓடிபி’யும் தன் சொந்த ‘அனுப்பு’வையே கூப்பிடும், $முயற்சியும் ஆளுக்கு ஒன்று இருக்கும்.